மொட்டைக்கு முந்தைய படம்

என் கணவர் இரண்டு மாசச் சம்பளத்தைக் கொட்டி கேமரா போன் வாங்கி வந்த அன்றைக்கு, நான் அவருடன் சரியாகவே பேசவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு போன் இருந்தது. கறுப்பு வெள்ளைத் திரை. எத்தனை முறை கீழே விழுந்தாலும் எழுந்து மணியடிக்கிற உருப்படி. அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்திருந்தார், மகானுபாவர்.

“இதுல படம் எடுக்கலாம், பாட்டு கேக்கலாம், வீடியோகூட ஓடுது” என்றார்.

“சோறு வடிக்குமா?” என்றேன்.

அந்த போனால் பெருமைப்பட்ட இன்னொரு ஆள் என் நைனா. அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். “எங்க மாப்ள போன்ல மூஞ்சியே தெரியுது” என்று டீக்கடை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அவரிடம் போன் கிடையாது. ஆனால் மாப்பிள்ளையின் நம்பரை மனப்பாடம் செய்து, தறிச் சத்தத்துக்கு நடுவே ஒப்பித்துப் பார்ப்பாராம்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு, முதல் நாளே திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் கிளம்புமுன் என் வீட்டுக்காரர் அவரை வாசலில் நிறுத்தி, தலையைச் சீவச் சொல்லி, மீசையை முறுக்கச் சொல்லிப் படம் எடுத்தார். நைனா அதை வாங்கி வாங்கிப் பார்த்துச் சிரித்தார். படம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மலையடிவாரத்தில் முடியும் மீசையும் போய், குளித்து, சந்தனம் பூசி, மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு நின்றார் நைனா. படியேறப் போகும் நேரத்தில் ஒரு காவடிக் கூட்டம் மேளத்தோடு குறுக்கே புகுந்தது. அது கடந்து போனபோது பக்கத்தில் அவர் இல்லை.

அவருக்குச் சர்க்கரை உடம்பு. சாமி கும்பிடும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று வெறும் வயிற்றோடு வந்திருந்தார். மயங்கி விழுந்தால் யார் என்று குனிந்து பார்க்கக்கூட அந்தக் கூட்டத்தில் இடமில்லை.

இவர் மட்டும் பதறவில்லை. “அதான் போட்டோ கீதே” என்று போனை எதிரே வந்தவர்களிடமெல்லாம் நீட்டினார். பூக்காரம்மா பார்த்தார், காவடிக்காரர்கள் பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் கையில் வாங்கியே பார்த்தார்.

“இன்னா சார், மொட்டை போட்டாச்சுன்றீங்க, முடியோட படம் காட்றீங்க! சுத்திப் பாருங்க. இதுல நான் யாரைன்னு தேடறது?”

சுற்றிப் பார்த்தோம். எங்கே திரும்பினாலும் சந்தனம் பூசிய மொட்டைகள், எங்கே திரும்பினாலும் மஞ்சள் வேட்டி. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அது அழுகையாகிவிட்டது. இவர் விடாமல் படத்தைக் காட்டிக்கொண்டே போக, போன் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. பாட்டுக் கேட்டே பாதி சார்ஜைத் தீர்த்து வைத்திருந்தார்.

“தண்டம்! சுத்த தண்டம்! இந்தக் காசுக்கு சாதா போன் வாங்கியிருந்தா எங்க நைனாவுக்கும் ஒண்ணு கெடைச்சிருக்கும்!” என்று நடுத்தெருவில் கத்தினேன்.

ஒருவேளை ஊருக்கே திரும்பிப் போயிருப்பாரோ, அங்கே இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் பேசிக் கேட்கலாம் என்று, பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் ஒரு ரூபாய் காயின் போன் வைத்திருந்த பெட்டிக்கடைக்கு ஓடினோம். அங்கேயும் ஒரு மொட்டைப் பெரியவர் முதுகைக் காட்டியபடி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பெரியவரே, கொஞ்சம் சீக்கிரம் வெய்யிங்க, அவசரம்” என்றார் இவர்.

பெரியவர் திரும்பினார். நைனா! பெற்ற பெண்ணுக்கே பின்னாலிருந்து அடையாளம் தெரியவில்லை.

“அப்போலேர்ந்து ஒரே நம்பரைப் போட்டுகினு கீறாரும்மா. சுவிட்ச் ஆஃப்னே வருது. சோடா குடுத்தேன், சாமி கும்பிடலைன்னு அதையும் தொடல” என்றார் கடைக்காரர்.

ஓடிப்போய் நைனாவின் கையைப் பிடித்தேன்.

“பயந்துட்டியா நைனா?”

அவர் இவரை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு என் காதருகே குனிந்தார்.

“நான் நல்லாத்தான் கீறேன்ம்மா. மாப்ள போனுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சாட்டம் கீது. எவ்ளோ ஆசையா வாங்கினாரு. நீ ஒண்ணும் சொல்லிடாதே.”