மூலையில் தப்பிய பாசி

அவருக்குத் தொழிலே, ஊரார் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிகளில் பாசி சுரண்டுவது. தம் வீட்டிலோ கண்ணாடித்தொட்டியில் உப்புத்தண்ணீர் நிரப்பி, விளக்குப் போட்டு, கடற்பாசியைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தார்.

"வெளியில பாசிக்கு எமன், வீட்டுல அம்மாவா?" என்பாள் மனைவி.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவரை, அவள் தம்பி வாசலிலேயே மறித்தான்.

"அத்தான், உங்க தொட்டியிலயே ஒரே பாசி! வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு நானே தேய்ச்சுக் கழுவிட்டேன்."

அலறிக்கொண்டு உள்ளே ஓடினார். தொட்டி பளபளத்தது. பம்புக்குப் பின்னால் மூலையில் மட்டும் விரல்நீளப் பச்சைக்கொத்து ஒன்று ஒட்டிக்கொண்டு ஆடியது.

மூலையில் பாசியை விட்டுவைக்கும் வேலையாட்களைக் காய்ச்சி எடுப்பவர், மச்சினனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளைடா! எந்த வேலையத்தான் நீ ஒழுங்கா செஞ்சிருக்கே?"