பாய் கடை அம்மணி

"மடங்காம வா கண்ணு" என்று முணுமுணுத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொள்கிறார் சாஜிதா பேகம். வெந்நீரில் மிதக்கும் மெழுகுச் சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஏந்த வேண்டும். சீவலுக்குள் இருப்பது யாரோ ஒருவருடைய கன்னத்திலோ நாக்கிலோ வெட்டியெடுத்த சதை.

கோவையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வகத்தில், அந்தச் சதைக்குச் சாயம் ஏற்றுவது அவர் வேலை. வேகமாகப் பெருகும் செல்களில் பழுப்பு ஏறும். பழுப்பு அதிகமென்றால் நோய் திரும்பும் அபாயமும் அதிகம் என்று டாக்டர்கள் கணிப்பார்கள். நிறைய ஏறிய நாளில் சாஜிதா டீ குடிப்பதில்லை. "அதே நெறமுங்க."

கணவர் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் "யாவாரமுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். நாகூர் மீரானுக்குச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு அருகே பெட்டிக்கடை. பழம், பிஸ்கட், பீடி. கேட்பவர்களுக்கு மட்டும், தடைசெய்யப்பட்ட புகையிலைப் பொட்டலம்.

சென்ற மாதம் ரிப்போர்ட் வாங்க ஆய்வக ஜன்னலுக்கு வந்தார் லேத் பட்டறைக்காரர் சென்னகிருஷ்ணன். ஆபரேஷனில் வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. அவர் தகட்டில் பழுப்பு அப்பிக் கிடந்ததை சாஜிதா முந்தின நாள்தான் பார்த்திருந்தார். சாஜிதாவைப் பார்த்ததும் சென்னகிருஷ்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்க, மீரான் பாய் ஊட்டு அம்மணிதானுங்க? பாய் நல்ல மனுசருங்க. நான் கேக்கறதுக்கு முன்னாலயே பொட்டலத்தை எடுத்து வெச்சிருப்பாருங்க."

நோய் திரும்ப வருமா என்றும் கேட்டிருக்கிறார். டாக்டர் சொல்லுவார் என்று சொல்லிவிட்டு சாஜிதா உள்ளே போய்விட்டார். அவர் தன்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாராம். அவர் வேலையைப் பற்றி எழுதப் போன என்னிடம் இதைச் சொன்னபோது தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னார். மீரான் ஒரு வாரம் பொட்டலம் விற்கவில்லை. அதற்கு வருகிறவர்கள்தான் மற்றதும் வாங்குகிறார்கள் என்று சொல்லி, பிறகு மறுபடி வரவழைத்தார்.

"தடுத்திருக்கோணுமுங்க. பேசாம இருந்துபோட்டனுங்க" என்றார் சாஜிதா.

மீரான் மாலைத் தொழுகைக்குப் போகும்போது கடையில் சாஜிதா உட்காருவார். போன வெள்ளிக்கிழமை நானும் அங்கே நின்றிருந்தேன். கைக்குட்டையால் தாடையை மூடியபடி சென்னகிருஷ்ணன் வந்தார். கதிர்வீச்சு தொடங்கிவிட்டதாம். நன்றாகக் கனிந்த வாழைப்பழமாகக் கேட்டார். சாஜிதா சீப்பிலிருந்து பழத்தைப் பிய்த்துக்கொண்டிருக்கையில் பஸ் கண்டக்டர் ஒருவர் அவசரமாக வந்து, வேண்டியதன் பேரைச் சொல்லாமல் கையை நீட்டினார். சென்னகிருஷ்ணன் ஒதுங்கி வழிவிட்டார்.

"மொதல்ல அவருக்குக் குடுங்க அம்மணி. வண்டி எடுக்கோணுமல்லங்க."

பொட்டலங்கள் பழப்பெட்டிக்கு அடியில் இருந்தன. சாஜிதாவின் கை அங்கே போயிற்று. வெளியே வரவில்லை.