பாதிக் கோடு

என் தங்கை ரக்ஷனாவுக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்தபடியே மூன்று தோசையை முடித்துவிடுவாள். சின்ன வயதில் சிங்கப்பூரில் எங்கள் புக்கிட் மேரா அடுக்குமாடி பிளாக்கில் லிஃப்ட் இருந்தும் பதினோராம் மாடிக்குப் படியில்தான் ஓடுவாள். உட்கார வைத்தால் கால் ஆடும். காலைப் பிடித்தால் விரல் தாளம் போடும். அவளோடு ஒரே அறையில் வளர்ந்தவனுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும்.

அப்படிப்பட்டவளை பஸ் ஓட்டப் போகச் சொன்ன புத்திசாலி நான்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆறு மாதத்துக்கு ஒரு வேலை மாறிக்கொண்டிருந்தாள். "நாள் முழுக்க ஓட்டிக்கிட்டே இருப்ப. ஒனக்குன்னே செஞ்ச வேலை லா" என்று சொல்லி விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். என் மூளையை நினைத்து அன்று எனக்கு ஒரே பெருமை.

அவள் பஸ்ஸில் ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வேகமாகக் கிளப்பினால் சிவப்பு விளக்கு. வெடுக்கென்று பிரேக் போட்டால் சிவப்பு. வளைவில் கொஞ்சம் அவசரப்பட்டால் அதற்கும் சிவப்பு. மாதக் கடைசியில் யார் எத்தனை சிவப்பு என்று டிப்போவில் பட்டியல் ஒட்டுவார்கள். முதல் வருடம் ரக்ஷனா கடைசிப் பக்கத்தில் இருந்தாள். பிறகு வீம்பாக ஏறி வந்தாள். மூன்று வருடம் தொடர்ந்து டிப்போவில் அவள்தான் முதல். நிறுத்தத்தை விட்டு பஸ் கிளம்பியதே பயணிகளுக்குத் தெரியாது. சான்றிதழ்களைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியதும் நான்தான்.

பஸ்ஸுக்குள் அவள் அவ்வளவு அடக்கம். வெளியே வந்துவிட்டால் பழைய பரபரப்பு இரண்டு மடங்காகிவிடும். ஓய்வு நாளில் வீட்டுக்குள் அவள் நடக்கும் நடைக்கு டிவியில் என்ன ஓடுகிறது என்றே எங்களால் பார்க்க முடியாது.

போன வருடம் என் ஸ்கூட்டருக்கு டயர் மாற்றப் போனோம். ஜாலான் புசாருக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்துல் முத்தலிப்பின் பட்டறை இருக்கிறது. என் வயதுக்காரர், நாற்பத்தைந்து இருக்கும். கை சுத்தம், வாய் மோசம். அவர் பட்டறையின் மூலையில், அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் அந்த வண்டி கிடந்தது. சேற்றில் ஓடுவதற்கென்றே செய்த இருநூற்றைம்பது சிசி டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டும். விளக்கு கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, சாலையில் இறக்கினால் நேராக வழக்குத்தான். எடை நூறு கிலோ, பலம் நாற்பது குதிரைக்கு மேல். எஞ்சின் இறுகிப்போனதும் சொந்தக்காரர் அதை விட்டுவிட்டு ஆஸ்திரேலியா போய்விட்டாராம்.

"இது ஓடுமா பாய்?" என்றாள் ரக்ஷனா.

"ஓடும். ஓட்டறதுக்குத்தான் இந்த ஊர்ல எடம் இல்ல."

வாங்கிவிட்டாள். காலை ஷிஃப்ட் முடிந்ததும் சீருடையோடு அங்கே போய் நிற்பாள். பிஸ்டன், வளையம், கிளட்ச் தட்டு எல்லாம் புதிது. கார்புரேட்டரைக் கழுவிக் கழுவியே ஒரு மாதம். நான்காவது மாதம் முதல் உதையில் அது கத்திய கத்தலில் எதிர்ப்பக்கத்து மளிகைக் கடைக்காரர் மல்லி மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார்.

ஓட்டும் இடத்துக்கு என்னிடம்தான் வந்தாள். நான் கிராஞ்சியில் ஒரு நர்சரிக்கு லாரி ஓட்டுகிறேன். செடித் தொட்டி வரிசைகளுக்குப் பின்னால் இருநூற்றைம்பது மீட்டருக்கு நேரான மண்பாதை ஒன்று உண்டு. முதலாளி ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கொடுத்தார். செடிக்குக் காது கிடையாது என்றார். எனக்குக் காது உண்டு என்பதை யாரும் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் பட்டறையில் வண்டியை ஏற்றி, கிராஞ்சியில் இறக்கி, மறுபடி ஏற்றி, லாரியில் படிந்த சேற்றைக் கழுவுவது என் தலையில் விழுந்தது.

அங்கேதான் வம்பு தொடங்கியது. பட்டறையில் முத்தலிப் பாய் கையில் பாட்டுப் பாடும் வண்டி, கிராஞ்சியில் ரக்ஷனா ஏறினால் ஐந்தே நிமிடத்தில் இருமும். புகை கக்கும். செத்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரியும் எண்ணெயுமாக நனைந்திருக்கும்.

"பெட்ரோல் ஜாஸ்தியாப் போவுது" என்றார் பாய். "கிராஞ்சி காத்து ஈரம் லா. நாள் முழுக்கச் செடிக்குத் தண்ணி பீச்சறானுங்க. சின்ன ஜெட் போடு."

மெயின் ஜெட் என்பது பொடி ஓட்டை உள்ள ஒரு பித்தளைத் துண்டு. ஓட்டை சிறுத்தால் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குறையும். ஒவ்வொரு வாரமும் முன்னதைவிடச் சின்னதாக ஒன்று போட்டார்கள். ஏழு வாரம், ஏழு ஜெட். கழற்றியவற்றை ஒரு மிட்டாய் டின்னில் போட்டு வைத்தாள். இருமல் மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குள் நர்சரி நிலத்தின் குத்தகை முடிந்தது. மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். கடைசி ஞாயிறு காலை லாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்:

"இன்னிக்கும் சரியா ஓடலேன்னா வித்துடறேண்ணா. ஜொகூர்லேர்ந்து ஒருத்தர் நாளைக்கு வர்றாரு. போதும்."

ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைக்கிறதே என்று நான் துள்ளியிருக்க வேண்டும். மனசு கனத்துப்போனது. அந்த 'போதும்' எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வண்டிக்கு முன்னால் அவள் தனக்கென்று எதையும் நான்கு மாதம் தொடர்ந்து செய்து நான் பார்த்ததில்லை.

அன்று பாயும் மானம் பொறுக்காமல் கூடவே வந்திருந்தார். "எவ்ளோ திருப்பும்போது இருமுதுன்னு கண்ணால பாக்கணும்" என்று ஆக்ஸிலரேட்டர் கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டி ஒரு கோடு போட்டார். பக்கத்தில் திரும்பாத பாகத்திலும் டேப் ஒட்டி கால், அரை, முக்கால், முழுசு என்று கோடுகள். கைப்பிடியைத் திருப்பத் திருப்ப அந்த ஒற்றைக் கோடு இவற்றைத் தாண்டிப் போகும். அதைப் படமெடுக்க என் ஃபோனை ஹேண்டில்பாரில் கட்டினார். விழுந்தால் யார் புது ஃபோன் வாங்கித் தருவது என்று கேட்டேன். இருவருக்கும் காது கேட்கவில்லை.

ரக்ஷனா போனாள். பாதையின் அந்தக் கோடியில் வழக்கம்போல இருமல், புகை, அமைதி. வியர்த்து வழிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஃபுல்லாத் திருப்பிட்டேன் பாய். அப்பவும் இருமுது."

மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு ஃபோனைப் பார்த்தோம். வெள்ளைக் கோடு கிளம்பியது. தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல மெல்ல மெல்லக் கால் கோட்டுக்கு வந்தது. பிறகு அரைக்கு வந்தது. அங்கேயே நின்றது. கோடியில் திரும்பும்போது இறங்கி, மறுபடி அரை வரை ஏறியது. ஒரு தடவைகூட அதைத் தாண்டவில்லை.

"எங்கேம்மா ஃபுல்லு?" என்றார் பாய்.

"இதோ, இங்கதான். நல்லாப் பாருங்க."

"அது பாதி."

ஃபோனைப் பிடுங்கி மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. டேப் நகர்ந்திருக்கும், கோடு தப்பு, ஃபோன் கோணல் என்று எல்லாம் சொன்னாள். கடைசியில் நின்ற வண்டியின் கைப்பிடியைப் பிடித்து, கண்ணை மூடி, "இந்தா, ஃபுல்லு" என்று திருப்பினாள். குனிந்து பார்த்தேன். கோடு அரையில் நின்றது.

"கண்ணைத் தொற ரக்ஷனா" என்றேன்.

திறந்து பார்த்தாள். மெதுவாக மேலே திருப்பினாள். திரும்பியது. திரும்பிக்கொண்டே போனது. அவள் முழுசு என்று நினைத்ததற்குப் பிறகு இன்னும் அவ்வளவு மிச்சம் இருந்தது.

பாய் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "வண்டிக்கு ஒரு சீக்கும் இல்ல ஜெய். இதைப் பாதியிலயே உருட்டினா உள்ள எண்ணெய் சேந்து பிளக்கு செத்துடும். மெயின் ஜெட் வேலை செய்யறதே முக்காலுக்கு அப்புறம்தான். ஒந்தங்கச்சி அங்க போனதே இல்ல. நான் மடையன், ஏழு வாரமா அதை மாத்திக்கிட்டு கெடந்தேன்."

எனக்கு ஹாலில் தொங்கும் சான்றிதழ்கள் நினைவுக்கு வந்தன. பாதிதான் முழுசு என்று அவள் கைக்கு ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பெட்டி. அதன் சான்றிதழ்களை ஆணி அடித்து மாட்டியவன் நான். அவமானமாக இருந்தது.

ரக்ஷனா ஹெல்மெட்டை மாட்டி, வண்டியில் ஏறி, உதைக்கக் காலைத் தூக்கிவிட்டாள். கண்ணில் அப்படி ஒரு கோபம். தூக்கிய கால் அப்படியே நின்றது.

"பாய்! ஜெட்!"

பாய் முகம் வெளிறிப்போனது. "யா அல்லாஹ்" என்று எழுந்தார். உள்ளே இருந்தது ஏழிலும் மிகச் சின்ன ஜெட். இப்போது முழுசாகத் திருப்பினால் பெட்ரோல் போதாது. பெட்ரோலோடு கலந்துதான் எண்ணெயும் போகிறது, ஆகவே அதுவும் போதாது. பிஸ்டன் உருகி இறுகும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், போகிற வேகத்தில் ஆள் பறப்பாள். இந்த ஏழு வாரத்தில் எந்த ஞாயிறும் அது நடந்திருக்கலாம். அவள் கை பயந்த கையாக இருந்ததால்தான் முழு உடம்போடு எங்கள் முன்னால் நின்றாள்.

மிட்டாய் டின்னிலிருந்து, வண்டியில் முதலில் இருந்த ஜெட்டைத் தேடி எடுத்தாள். எல்லாவற்றிலும் பெரியது. கிராஞ்சி நீர்த்தேக்கத்துப் பக்கம் வானம் கறுத்து இடி உருளத் தொடங்கியிருந்தது. அவள் ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பாய் என் ஃபோனை மறுபடி ஹேண்டில்பாரில் கட்ட, நான் லாரியின் பின்கதவை இறக்கி, வண்டி ஏற்றும் பலகையைச் சாய்த்து வைத்தேன்.

"மழை வந்துடும். ஏத்திடலாம், போதும்" என்றேன். அவள் காலையில் சொன்ன அதே சொல் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஒரே ஒரு தடவைண்ணா."

உதைத்தாள். கிளம்பினாள். அதே பஸ் ஓட்டம். பாதையில் பாதி போய்விட்டாள், சத்தம் மாறவில்லை. இவள் கை இனிமேல் திறக்காது, நாளைக்கு வண்டி ஜொகூருக்குப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

திடீரென்று சத்தம் தகரத்தைக் கிழித்தது போல உயர்ந்தது. முன்சக்கரம் மண்ணை விட்டு எழுந்தது. பின்னால் சேறு ஆள் உயரத்துக்கு அடித்தது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பயத்தில் கத்தினேன், மறைக்க என்ன இருக்கிறது. கோடியில் திரும்பி அதே சத்தத்தோடு வந்தாள். லாரிக்கு முன்னால் நிறுத்தினாள். எஞ்சின் சாகவில்லை. இருமலே இல்லாமல் சுத்தமாக அடித்துக்கொண்டிருந்தது.

அவளே அதை அணைத்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். மழை இன்னும் வரவில்லை, முகம் நனைந்திருந்தது.

"அண்ணா, இவ்வளவு இருந்துச்சா இதுக்குள்ள?"

பாய் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கரி இல்லை, நல்ல தே தாரேக் டீயின் பழுப்பு நிறம். அதைத் திரும்பப் பூட்டிவிட்டு என் ஃபோனை அவிழ்த்து நீட்டினார். வெள்ளைக் கோடு முழுசு என்ற கோட்டைத் தொட்டு நான்கு வினாடி நின்றிருந்தது.

அவள் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. ஜொகூர்க்காரர். "சாரி அங்கிள், விக்கல" என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு எங்கே ஓட்டுவாள் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதல் தூறல் தொட்டிச் செடிகள் மேல் விழுந்தது. ரக்ஷனா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாய்த்து வைத்த பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் வண்டியை ஏற்றாமலே பலகையைத் தூக்கி லாரிக்குள் போட்டுவிட்டு, பின்கதவைச் சாத்தினேன்.