சாக்கட்டி டப்பாவில் வெல்லம்

தணிகாசலம் வாத்தியார் காலமானார் என்ற செய்தி காலையில் தவளக்குப்பத்துக்கு வந்தது. நீரிழிவுக்காரனான நான் அன்றைய ஊசியைப் போட்டுக்கொண்டு கூழுக்குக் காத்திருந்த நேரம். கூழைத் தொடாமலே பாகூருக்கு நடந்தேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாகூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமை வாத்தியார். வெள்ளைத் தலைப்பாகை, மூக்குப்பொடி, பிரம்பு. என்னைச் சாகடிக்கப் பார்த்தவர் அவர்தான். சாகவிடாமல் காத்தவரும் அவர்தான். இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவரே இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. ஓயாத தாகம். அன்று நாலு தரம் வெளியே போகக் கேட்டேன். ஐந்தாவது தரம் கேட்டபோது கிட்டே இழுத்து வாயை மோந்து பார்த்தார். புளித்த வாடை. என் அப்பா தென்னை ஏறிக் கள் இறக்குகிறவர். அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

“அப்பன் எறக்கறத புள்ள காலி பண்றானா? போய் வெய்யில்ல நில்லுடா. தண்ணி கெடையாது.”

“குடிக்கலிங்க வாத்தியாரே.”

“இன்னாடா, பொய் வேறயா?”

பள்ளியில் தண்ணீர் ஊற்றும் அஞ்சலையக்கா சொம்போடு வந்தார். வாத்தியார் அதட்டியதும் திரும்பிவிட்டார். நான் விழுந்தேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, வாத்தியார் தலைப்பாகை இல்லாமல் கட்டிலருகே நின்றார். நீரிழிவு முற்றினால் மூச்சில் அப்படி வாடை வருமாம்.

“கள்ளு இல்லடா, நோவு. பொய் சொன்னது என் மூக்குதான்” என்றார்.

மூன்று நாள் டாக்டரை விடாமல் கேள்வி கேட்டார். பள்ளிக்குத் திரும்பி வந்ததும் உதவி வாத்தியாரையும் அஞ்சலையக்காவையும் நிற்க வைத்துச் சொன்னார்: “கப்பல்ல வர்ற ஊசி மருந்து இது. போட்டுக்கினு திங்கலன்னா ஆளையே சாச்சிடும். வேர்த்து நடுங்கினா வெல்லம் குடுங்க. தண்ணி கேட்டா குடுங்க, வெளிய போவணும்னா உடுங்க.”

மேசைமேல் சாக்கட்டி டப்பாவில் வெல்லம் வந்தது.

“எனுக்கும் நடுங்குது வாத்தியாரே!” என்றான் ஒருவன்.

“உனுக்குப் பிரம்பு இருக்குது, வா.”

திடீர் திடீரென்று பரீட்சை வைப்பார்.

“அஞ்சல, பையன் உளர்றான். இன்னா பண்ணுவ?”

“வெல்லம் குடுப்பங்க.”

“என்னக் கேட்டுட்டா குடுப்ப?”

“கேக்கமாட்டங்க.”

பதினாலு வயதில் படிப்பை விட்டேன். ஒரே இடத்தில் உட்கார என்னால் ஆகாது. “போ. டப்பாவ எடுத்துக்கினு போடா” என்றார். எடுக்கவில்லை. அப்புறம் ஒருநாளும் அவரைப் போய்ப் பார்க்கவில்லை.

சாவு வீட்டில் பாடை எடுக்கும்வரை யாரும் வாயில் எதுவும் போடவில்லை. பறை அதிர்ந்தது, என் கையும் அதிர்ந்தது. சட்டை நனைந்துவிட்டது.

“பையன் தள்ளாட்றான் பாரு. அப்பன் சரக்கு!” என்று யாரோ சிரித்தார்.

அஞ்சலையக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து வெல்லத்தை என் வாயில் திணித்தார்.

“பொணம் எடுக்கல, அதுக்குள்ள இனிப்பாடி?” என்று ஒரு பெரியவர் சீறினார். “யாரக் கேட்டுக் குடுத்த?”

“யாரையும் கேக்க வாணாம்னு அவருதான் சொல்லிட்டுப் போனாரு” என்று பாடையைக் காட்டினார் அக்கா.

நடுக்கம் நின்றதும் பாடைக்குப் பின்னால் நடந்தேன். வாத்தியாரே, வாயில் வெல்லத்தோடுதான் உங்களை வழியனுப்பினேன். போய் வாருங்கள்.