பழுது என்று எழுதிய வண்டி

எங்கள் கமியோனெத்தைப் பழைய வண்டி என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்றைக்கும் வரும். முன்னால் மூன்று பேர் நெருங்கி உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தட்டு. அதைப் பிரெஞ்சுக்காரன் கமியோனெத் என்பான். சைகோனில் இருந்த காரைக்கால்காரர்கள் நாங்களும் அப்படியே சொன்னோம். லாரி மாதிரி பெரிதும் இல்லை, கார் மாதிரி பூஞ்சையும் இல்லை. பால் கேன்களை அடுக்கினால் பின்பக்கம் லேசாகப் பணியும், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிய காலத்தில் ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவரிடமிருந்து என் கைக்கு வந்தது. பாதி ஆயுள் முடிந்துவிட்டது, பார்த்து ஓட்டு என்று சொல்லிவிட்டு அவர் கப்பல் ஏறினார். அதன் பிறகு அது என்னிடம் இருபது வருஷம் ஓடியது. அந்தத் துரையை மறுபடி பார்க்க முடிந்திருந்தால் அதை மட்டும் சொல்லியிருப்பேன்.

எனக்குப் பால் வியாபாரம். ஊரின் ஓரத்தில் கொட்டகை, பதினான்கு மாடு. மாடுகளை என் மச்சான் பார்த்துக்கொண்டான், அதாவது என் மனைவியின் தம்பி. இருவரும் வியட்நாம்காரர்கள். மச்சானுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. மனைவி அதற்கு நேர்மாறு. கல்யாணமான மூன்றாம் வருஷமே என்னைத் தமிழில் திட்டக் கற்றுக்கொண்டாள். நான் கடைசிவரை அவள் மொழியில் ஒரு சண்டையைக்கூட ஜெயித்ததில்லை.

சண்டைக்கால ஊரடங்கு விடிகாலையில் முடிகிற நிமிஷத்தில் என் வண்டி தெருவில் இருக்க வேண்டும். முதலில் ஆற்றங்கரைப் பக்கம் செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில். அபிஷேகத்துக்குப் பால் தாமதமானால் முருகன் பொறுத்துக்கொள்வான், குருக்கள் பொறுக்க மாட்டார். அடுத்து ஓட்டல்கள். கடைசியில் டோங் டு பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நம் ஊர் பாய் ஒருவரின் டீக்கடை. அந்த வெயிலில் பால் காத்திருக்காது. ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய கறவை முழுவதும் சாக்கடைக்கு. சாயங்காலம் புல் ஏற்ற ஊருக்கு வெளியே போக வேண்டும். தூரத்தில் பீரங்கி முழங்கிக்கொண்டிருக்கும் சாலையில் வண்டி படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை. படுக்காது என்று எனக்குத் தெரியும்.

தெரியும் என்று சும்மா சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டுக்கும் கிரீஸ் அடிப்பேன். ஓர் அமாவாசை விட்டு ஓர் அமாவாசைக்கு என்ஜின் ஆயில் மாற்றுவேன். கழித்த ஆயிலை மச்சான் கொட்டகைக் கால்களுக்குப் பூசுவான், கரையான் அண்டாது. மழைக்காலத்தில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நிற்கும். அப்போது சைக்கிள் டியூபை வெட்டி, ஈரம் படக்கூடாத இடங்களிலெல்லாம் சுற்றிக் கட்டிவிடுவேன். ரேடியேட்டரில் ஊசித் துளை விழுந்தால் ஒரு பிடி மஞ்சள் தூள். அது தண்ணீரோடு ஓடிப்போய்த் துளையில் அடைத்துக்கொள்ளும். முதல் தடவை நான் அடுப்படியிலிருந்து மஞ்சள் டப்பாவோடு போனதைப் பார்த்து மனைவி, "வண்டிக்கும் மீன் குழம்பா? புளி வேணுமா?" என்று கேட்டாள். கேட்கட்டும். அன்று சாயங்காலமே அந்த வண்டியில்தானே அவள் அம்மா வீட்டுக்குப் போனாள்.

துரைகள் போனபின் உதிரி பாகம் வருவது நின்றுவிட்டது. பழைய சாமான் சந்தையில் அமெரிக்க ஜீப்பின் கார்புரேட்டர் ஒன்று கிடைத்தது, அதை ஒட்ட வைத்தேன். சோக் கம்பி அறுந்தபோது மின்விளக்கு ஒயரைக் கோத்து, நுனியில் ஒரு சட்டைப் பொத்தானைக் கட்டினேன். பாட்டரியின் மின்சாரம் எங்கேயோ கசிந்துகொண்டிருந்தது. ஒயர் முழுவதையும் பிரித்துப் பார்த்தும் இடம் பிடிபடவில்லை. ஆகவே சீட்டுக்குப் பின்னால் கைக்கு மட்டும் எட்டுகிற இடத்தில் ஒரு விசை வைத்து, வண்டி நிற்கும்போதெல்லாம் பாட்டரியைத் துண்டித்துவிடுவேன். இப்படியாக வண்டியைக் கிளப்புவதற்கு ஒரு வரிசை உண்டாகிவிட்டது. முதலில் விசை. பிறகு பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப்பைக் கையால் ஐந்து அடி. பிறகு பொத்தானை இரண்டு விரற்கடை இழுக்க வேண்டும். இதெல்லாம் செய்தால் அரைச் சுற்றில் பிடிக்கும். ஒன்றை விட்டாலும் அசையாது.

சண்டை முற்றியதும் ராணுவத்துக்கு வண்டி போதவில்லை. ஆட்கள் தெருத்தெருவாக வந்து நல்ல வண்டிகளாகப் பார்த்து எடுத்துப் போனார்கள். திருப்பித் தருவோம் என்று சீட்டு கொடுப்பார்கள். சீட்டு வந்த வீடுகள் எனக்குத் தெரியும், வண்டி திரும்பி வந்த வீடு ஒன்றுகூடத் தெரியாது. ஆகவே ஊரே தன் வண்டியை அசிங்கமாக வைத்துக்கொள்ளப் பழகியது. என் மனைவியும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "கழுவினீங்கன்னா பாத்துக்கங்க. சேறு அப்படியே இருக்கட்டும்." சரி என்றேன். வெளியே பிச்சைக்காரன் மாதிரியும் உள்ளே மாப்பிள்ளை மாதிரியும் ஒரு வருஷம் ஓட்டினேன். பானெட்டைத் திறந்து என்ஜினைத் துடைத்து ஆறுதல்பட்டுக்கொள்வேன்.

ஆனால் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குமா சேற்றோடு நிறுத்துவது? வருஷமெல்லாம் நமக்காக உழைத்ததற்கு ஒரே ஒரு நாள். காலையில் பாலைக் கொடுத்துவிட்டு வந்ததும் வாளியை எடுத்தேன். மனைவி இடுப்பில் கை வைத்து நின்று, "வேணாம், சொன்னாக் கேளுங்க" என்றாள். "சாமி காரியத்துல தலையிடாதே" என்று எரிந்து விழுந்தேன். கழுவினேன், துடைத்தேன், மெருகு எண்ணெய் போட்டேன். நீல வண்டி. அது நீலம் என்பதே தெருக்காரர்களுக்கு மறந்துபோயிருந்தது. சந்தனம், குங்குமம், முன்னால் மாலை, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி, விசையை அணைத்தேன். பூஜை போட்டபின் மறுநாள் காலை வரை வண்டி ஓய்வு எடுக்க வேண்டும்.

மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஓர் அதிகாரி, ஒரு சிப்பாய் டிரைவர். தெருவில் வேறு எந்த வண்டியையும் திரும்பிப் பார்க்கவில்லை, நேரே என் வாசலுக்கு வந்து நின்றார்கள். அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார், பானெட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே பார்த்து, "இவ்வளவு சுத்தமா ஒரு என்ஜின நான் பாத்ததே இல்ல" என்றார். அவர் பேசியது வியட்நாம் மொழி. நம் பேச்சில் எழுதுகிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமை பொங்கியது. எந்த வாயிலிருந்து வருகிறது என்பது அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. வண்டி போனால் பால் போயிற்று, பால் போனால் பதினான்கு மாடும் போயிற்று. அதுவும் என் கையாலேயே கழுவி, மாலை போட்டு அனுப்பிவைக்கிறேன்.

"ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முன்னால் வந்தாள். "ஐயா, அது ஓடி ஒரு மாசமாச்சு. இவரு ஊர்ல வண்டி படுத்துட்டா இப்பிடித்தான் செய்வாங்களாம். குளிப்பாட்டி, மாலை போட்டு, பழம் வச்சு, எழுந்திரு சாமின்னு கும்பிடுவாங்களாம். மெக்கானிக்கக் கூப்புடுங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாயே வலிக்குது. கேக்க மாட்டேங்குறாரு."

அதிகாரி மாலையைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு பரிதாபம் வந்தது. டிரைவரிடம் தலையசைத்தார். அவன் ஏறி ஸ்டார்ட்டரை இழுத்தான். ஒரு முனகல்கூட இல்லை. ஹாரனை அமுக்கினான், அதுவும் இல்லை. இறங்கி முன்னால் கம்பியைச் செருகிச் சுற்ற ஆரம்பித்தான். சுற்றினான், சுற்றினான், சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. விசை அணைந்திருக்கிறது, பம்ப்பை அடிக்கவில்லை, பொத்தானை இழுக்கவில்லை, எப்படிப் பிடிக்கும்? மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மச்சான் தலையே நிமிரவில்லை. எனக்கோ ஒவ்வொரு சுற்றுக்கும் நெஞ்சில் இடிக்கிற மாதிரி இருந்தது. அடப்பாவி, இப்படியா ஒரு வண்டியைக் கிளப்புவது, தள்ளு, நான் காட்டுகிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்லியிருப்பேன். மனைவி என் கையைப் பிடித்தாள். பார்ப்பவர்களுக்கு ஆறுதல் மாதிரி இருந்திருக்கும். நகம் உள்ளங்கையில் பதிந்து ரத்தம் கட்டியது எனக்குத்தான் தெரியும்.

"பாக்கத்தான் அழகு, உள்ள உயிரில்ல" என்று டிரைவர் சிரித்தான். அதிகாரியும் சிரித்தார். சிவப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்துவரச் சொல்லி, நான் ஏறும் பக்கத்துக் கதவில், மெருகு போட்டு அரை நாள்கூட ஆகாத நீலத்தின் மேல், அவர்கள் மொழியில் பழுது என்று எழுதச் சொன்னார். இரண்டே எழுத்து, ஆனால் முழம் உயரம். போகும்போது அந்த டிரைவர் மட்டும் திரும்பி வந்து, வண்டிக்கு முன்னால் கை கூப்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். குணமாகட்டும் என்று வேண்டிக்கொண்டான் போலிருக்கிறது.

மறுநாள் விடியலில் அரைச் சுற்றில் பிடித்தது. எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினேன். கோயிலுக்கு அன்று ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன்.

அன்று மத்தியானமே பெயிண்டைக் கரைக்கிற தின்னரும் துணியும் எடுத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மனைவி துணியைப் பிடுங்கிக்கொண்டாள். "அத அழிச்சீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். நடந்தே போவேன்." அவள் சொன்னது சரிதான். அதற்குப் பிறகு மூன்று தடவை ஆட்கள் வந்தார்கள். கதவைப் பார்த்தார்கள், நிற்காமல் போனார்கள். எட்டு வருஷம் என் வண்டியை நான் கழுவினேன், அந்த இரண்டு எழுத்தைச் சுற்றிக் கழுவினேன். டீக்கடை பாய்க்குத் தினமும் அது ஒரு தீனி. "போன்ழூர் மாப்ளே! பழுது வந்துருச்சு, டேய் அடுப்பப் பத்த வை" என்பார், பிரெஞ்சு வணக்கத்தோடு. சிரித்துக்கொண்டே பாலை ஊற்றுவேன். உள்ளே எரியும். ஊரில் இருந்த வண்டிகளிலேயே ஒழுங்கான வண்டி அது, அதை ஊரே பழுது என்று கூப்பிட்டது. பெயிண்ட் மங்கினால் மழைக்காலத்துக்கு முன்னால் மனைவியே தூரிகை எடுத்து ஒரு கை பூசிவிடுவாள். நான் வெள்ளிக்கிழமை கிரீஸ் அடித்ததுபோல அவளுக்கு அது ஒரு முறை. இருபது வருஷம் அந்த வண்டியை நான் காப்பாற்றினேன் என்று மார்தட்டிக்கொள்கிறேனே, அதில் எட்டு வருஷம் காப்பாற்றியது அவள்.

சண்டை முடிந்தது. வண்டி பிடிக்க ஆள் வருவதும் நின்றது. பால் வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மாடு மூன்றாகக் குறைந்தது. நானும் மனைவியும் காரைக்காலுக்குப் போவது என்று முடிவாயிற்று. மாடுகளும் வண்டியும் மச்சானுக்கு.

புறப்படும் நாள் காலையில் பெட்டிகளைத் தட்டில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன். மனைவி தின்னரும் துணியும் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். "அழிங்க" என்றாள். அழுத்தித் தேய்த்தேன். சிவப்பு கரைந்து வழிந்தது. துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். எட்டு வருஷ வெயிலில் வண்டி முழுவதும் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. பெயிண்ட் மறைத்த இடத்தில் மட்டும் நிறம் போகவில்லை. ஆயுத பூஜையன்று நான் மெருகு போட்ட நீலம், அந்த இரண்டு எழுத்தின் வடிவத்திலேயே, புத்தம் புதிதாக இருந்தது. மனைவி முதலில் சிரித்தாள், பிறகு முந்தானை இல்லாத தன் ஊர் உடையில் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மச்சான், இங்க பாரு, முதல்ல அந்த விசைய..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும், ஆன் ஹாய்" என்றான். வீட்டில் மூத்தவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். சீட்டுக்குப் பின்னால் கையை விட்டான், இறங்கி பானெட்டைத் திறந்து பம்ப்பை எண்ணி ஐந்து அடித்தான், ஏறிப் பொத்தானை இரண்டு விரற்கடை இழுத்தான். அரைச் சுற்றில் பிடித்தது. அந்தச் சிப்பாய் சுற்றிக்கொண்டிருந்தபோதும் இவனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

அந்த வண்டியில் முதல் தடவையாக நான் ஓட்டாமல் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கியர் மாற்றுவதில், பிரேக் போடுவதில் ஏதாவது குறை சொல்ல வேண்டும் என்று தேடினேன். விமான நிலையம் வரை ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, இறங்கும்போது அழுதுவிட்டேன்.