செம்மேட்டில் வீசிய பை

கொல்லிமலை பஸ் கிளம்ப நேரமிருந்தது. மகள் போனில் ஏற்றிக் கொடுத்திருந்த பிரெஞ்சுப் படத்தைப் போட்டேன். ஐயோ சாமி, என்ன ஒரு நிதானம்! அரைமணி நேரமாக இரண்டு பெண்கள் ஆப்பிள் தோல் சீவுகிறார்கள். ஒருத்தி வாயாடி, இன்னொருத்தி வாயையே திறக்க மாட்டேன் என்கிறாள். எனக்கா, உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது. தள்ளித் தள்ளிப் பார்த்தேன். வாயாடி தன் பையைத் தோழியிடம் நீட்டினாள். சட்டென்று போனை அணைத்துவிட்டேன். எனக்கும் ஒருத்தி அப்படித்தான் ஒரு பையை நீட்டினாள்.

அந்தக் காலத்தில் மலைமேல் வளப்பூரில் ஒரு தையல் கடையில் நானும் செல்வியும் பக்கத்துப் பக்கத்து மெஷின். அவள் பேசினால் ஊசி நூல்கூட நின்று கேட்கும். நான் வாடிக்கையாளர் வந்தாலே தலையைக் குனிந்துகொள்கிற ரகம். செம்மேட்டில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே பையை வீசி, "ரெண்டு ஆளு வருது!" என்று கத்தி சீட்டுப் பிடிப்பது அவள்தான். பை விழுந்த சீட்டை யாரும் தொட மாட்டார்கள். பின்னாலேயே ஏறி ஜன்னலோரம் உட்காருவது நான். வெட்கம் கெட்ட ஜென்மம்.

அவள் நர்ஸுக்குப் படித்தவள்; சேலத்தில் ஒரு வேலைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்கு நான். அன்றைக்கு நல்ல கூட்டம்.

"ஒருக்கா நீயுந்தான் போட்டுப் பழகு கண்ணு" என்று பையைக் கொடுத்தாள். சர்டிபிகேட் எல்லாம் அதற்குள்.

சேலம் பஸ் ஒன்று, வாசலூர்பட்டி பஸ் ஒன்று, இரண்டும் நின்றன. நான் வாசலூர்பட்டி பஸ்சுக்குள் வீசிவிட்டேன். அது கிளம்பிப் போய்விட்டது. பை திரும்பி வருவதற்குள் மத்தியானம் ஆகி, வேலையும் போயிற்று.

"இந்தப் பயந்தாங்கொள்ளிகிட்டக் குடுத்தது உன்ற தப்பு" என்று செல்வியிடம் சொல்லி ஊரே சிரித்தது. நானும் சேர்ந்து அசடு வழிந்தேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியும். அவள் போய்விட்டால் அந்தக் கடையில் நான் எப்படித் தனியாக உட்காருவேன்? அதுதான். அந்த ஒரு நிமிஷம் அது மட்டும்தான் மனசில் இருந்தது.

செல்வி திட்டவில்லை. மறுநாள் மெஷினை மிதித்தபடி, நிமிராமல், "அடுத்த தடவ நானே போட்டுக்கறேன்" என்றாள். இரண்டு மாசத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். எந்த பஸ் என்றுகூட என்னிடம் சொல்லவில்லை.

இப்போது எல்லார் வீட்டிலும் பைக் இருக்கிறது. பஸ்சுக்குள் பை வீசுகிறவர்கள் யாருமில்லை. இன்றைக்கும் பாதி சீட்டு காலி. ஆனாலும் என் பை பக்கத்து சீட்டில்தான் கிடந்தது.

அடிவாரத்தில், காரவள்ளியில் ஏறிய ஒரு பெண் கேட்டாள்: "ஏனுங்கக்கா, இங்க ஆளு வருதுங்களா?"

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இல்ல கண்ணு. யாரும் வரல."