கல்வெட்டில் வெட்டிய ரோசாப்பூக்கள்

“1994 ஓகஸ்ட், குட்மேய்ஸ், ரதியின் சாமத்தியவீடு” என்று அம்மா பின்பக்கத்தில் எழுதிவைத்த படமொன்று என்னிடம் இருக்கிறது. பருவமெய்திய ரதி அலங்காரக் கதிரையில் அமர்ந்திருக்க, அவள் தலைக்கு மேலே பழுப்புநிறக் கடதாசி ரோசாக்கள் வளைவாகத் தொங்குகின்றன. படத்தை எடுத்தாலே மட்டமான தாளின் புளித்த வாசனையும் பசையின் வாசனையும் சேர்ந்து எழுந்து என் காது மடல்களைச் சுடவைக்கின்றன.

அவற்றைச் செய்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. கழித்துவிட்ட பாட்டுப் புத்தகங்களைப் பிரித்து, சுருளாக வெட்டி, பென்சிலில் சுற்றி ரோசா செய்யப் பள்ளியில் காட்டித் தந்திருந்தார்கள். எழுத்து ஓடும் இதழ்கள் என்னை மயக்கிவிட்டன. அதன்பின் எந்தப் பழைய புத்தகத்தைக் கண்டாலும் அதற்குள் எனக்குப் பூக்களே தெரிந்தன. ரதியின் தாய் தங்கம் மாமி, நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த ரெய்னர்ஸ் லேனில், எங்கள் வீட்டு முன்னறையில் சில காலம் குடியிருந்தவர். குட்மேய்ஸுக்கு மாறியபோது ஒரு பெட்டி புத்தகத்தை எங்களிடம் விட்டுப் போயிருந்தார். அதன் மேலாக, மூலைகளில் கொடி ஓடும் செய்யுள் புத்தகமொன்று கிடந்தது. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கொடிகளைப் பார்த்துக் கலியாணப் பாட்டு என்று நினைத்து வெட்டினேன். சால்வை போட்ட ஒருவரின் படமிருந்த முன்தாள் பூவுக்கு உதவாததால் குப்பைக்குப் போனது.

மண்டபத்தில் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “எல்லாம் இவளின்ரை கைவேலைதான். தமிழ்ப் பள்ளிக்கூடமும் போறவள்” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். நான் அங்கே போவதை நிறுத்தி வெகுகாலமாகியிருந்தது.

வந்திருந்தவர்களில் மூக்குக்கண்ணாடி போட்ட சிவம் மாமா ஓர் இதழைத் திருப்பிப் பார்த்து, “மங்கள வீட்டிலை ஆரப்பா ஒப்பாரியைத் தொங்கவிட்டது?” என்றார்.

“உதுதான் இப்பத்தைய பேஷன், அண்ணை” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தபடிதான் வந்தார். வாசித்ததும் முகம் மாறியது.

“இது எங்கட ஐயான்ரை கல்வெட்டெல்லே. வரேல்லை எண்டெல்லோ நினைச்சிருந்தனான்.”

இறந்தவர் நினைவாக முப்பத்தோராம் நாளில் அச்சிட்டுக் கொடுக்கும் புத்தகத்தை யாழ்ப்பாணத்தில் “கல்வெட்டு” என்பார்கள். தந்தை இறந்த செய்தி யுத்தத்துக்குள்ளால் கைமாறிக் கைமாறி, “போன ஆவணியிலை” என்ற அளவில்தான் மாமிக்குக் கிடைத்திருந்தது. இறந்த நாள் எதுவென்று அறிய, ஊரிலிருந்து தம்பி அனுப்பிய கல்வெட்டுக்காகக் காத்திருந்தார். கொண்டுவந்தவர் பழைய விலாசத்தில் கொடுத்துவிட்டுப் போக, அம்மா அதை மாமியின் பெட்டியில் வைத்து மறந்துவிட்டார். பொருளாதாரத் தடைக் காலத்தில் கிடைத்த தாளில் அச்சடித்ததால், புதுப் புத்தகமே எனக்குப் பழசாகத் தெரிந்திருக்கிறது.

“பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அக்கா” என்றார் அம்மா, அத்தனை பேர் நடுவில். அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மாமி பூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, “சரி பிள்ளை, அழாதை, நீ வடிவாத்தான் செய்திருக்கிறாய்” என்றார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

பின்னர் வந்த இடப்பெயர்வில் அச்சகமும் போயிற்று. தம்பியும் இல்லாமற் போனார். வேறொரு பிரதி எங்கும் அகப்படவில்லை. முப்பது வயதுக்குப் பிறகு எழுத்துக்கூட்டித் தமிழ் படித்த நான், மாமியிடமிருந்து அந்தப் பையை வாங்கிவந்து, ஆவி காட்டி இதழ்களை விரித்தேன். இறந்த நாளைச் சொல்லும் “திதி வெண்பா”வில் “ஆவணி” இருக்கிறது, “நவமி” இருக்கிறது. இடையிலிருந்த சீர் கத்தரிக்கோலோடு போய்விட்டது. ஆங்கிலத் திகதி அந்த முன்தாளில் இருந்திருக்க வேண்டும்.

தங்கம் மாமி இன்றும் ஆவணியில் இரண்டு நவமிகளிலும் விரதமிருக்கிறார். அவருடைய தந்தை இறந்தது வளர்பிறையிலா தேய்பிறையிலா என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.